பின்கதவுப் படி விளக்கு

காரின் கூரை விளக்கை யாரோ மறுபடியும் அணைத்து வைத்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ, கடுகுதான். அந்தக் காரில் வேறு யார் கை வைக்கப் போகிறார்கள். கதவைத் திறந்ததும் தானாக எரியட்டும் என்று அவன் அந்தச் சின்ன ஸ்விட்சை நடுவில் தள்ளி வைப்பான். மறுநாள் பார்த்தால் அது ஓரத்துக்குப் போயிருக்கும். வீடு வந்து இறங்குவதற்கு முன்னால், ஏழு வயது மகள் பின்சீட்டிலிருந்து எக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் அதைத் தள்ளுவதை அவனே கண்ணாடியில் பார்த்திருக்கிறான். ஏன் என்று கேட்டால் பதில் வராது. கடுகு அப்படித்தான். உருவத்தைப் பார்த்து வைத்த செல்லப்பெயர், குணத்துக்கும் பொருந்திவிட்டது.

விளக்கு எரியாததால்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் அது நடந்தது. இருட்டில் அவசர அவசரமாகக் காரில் ஏறப்போனவள் கதவுப் படியில் இடித்து விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே நான்கு தையல். தையல் போடும்போதுகூட அவள் அழவில்லை. "கார் கதவைச் சாத்திட்டீங்களா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள்.

"படி தெரியாமத்தானே புள்ள விழுந்துச்சு," என்றாள் மனைவி. "ஊர்ல இருக்கற மெஷினையெல்லாம் சரி பண்றீங்க. நம்ம கார்ல ஒரு லைட்ட எரிய வைக்க முடியல உங்களால."

அது அவனுக்குச் சுருக்கென்றது. அவன் ஜெராக்ஸ் மெஷின் மெக்கானிக். இருபது வருஷ வேலை. பல ஆபீஸ்களில் அவனுக்கு ஜாம் அண்ணன் என்றே பெயர். பேப்பர் மாட்டிக்கொண்டது என்று மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டும். ஆபீஸ்காரர்கள் எல்லா மூடியையும் திறந்து பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லண்ணே, சென்சாருக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு" என்பார்கள். அவன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிவான். ஏதோ ஓர் உருளைக்கு அடியில், நகத்தளவு காகிதத் துணுக்கு ஒன்று கட்டாயம் இருக்கும். உள்ளே இருக்கிறது என்று சென்சார் சொன்னால் இருக்கிறது, தெரியவில்லை என்பது நம் கண்ணின் கோளாறு என்று, புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் கொஞ்சம் தலைக்கனத்தோடு சொல்வான். இன்னொன்றும் சொல்வான். விளக்கு அணைந்ததும் சந்தோஷப்படாதே; துணுக்கு வெளியே வந்ததா, இன்னும் உள்ளே போய்விட்டதா என்று பார்.

சனிக்கிழமை பார்சல் வந்தது. நான்கு கதவுக்கு நான்கு படி விளக்கு. ஒரு சாண் அகலம்கூட இல்லாத நீளமான எஃகுப் பட்டைகள், நடுவில் வெள்ளையாக எரியும் கோடு. ஒயர் கிடையாது, பேட்டரி உள்ளேயே இருந்தது. பட்டையைப் படியில் ஒட்ட வேண்டும், பட்டாணி அளவு காந்தம் ஒன்றைக் கதவின் அடியில் ஒட்ட வேண்டும். கதவு சாத்தியிருக்கும்போது காந்தம் பட்டையின் மேல் வந்து நின்று விளக்கை அணைத்து வைக்கும். கதவு திறந்தால் காந்தம் விலகும், விளக்கு எரியும். அவ்வளவுதான். சாப்பாட்டு மேஜையில் அதை வைத்துக் காந்தத்தை அருகே கொண்டுபோவதும் எடுப்பதுமாக அவன் கடுகுவுக்கு வேடிக்கை காட்டினான்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். "இதுக்கு ஸ்விட்ச் எங்கப்பா?"

"ஸ்விட்சே கிடையாது. கதவு திறந்தா தானா எரியும்."

"அணைக்கணும்னா?"

"எதுக்குடா அணைக்கணும்? உனக்குப் படி தெரியணும்னுதானே வாங்கினேன்."

அவள் காந்தத்தை எடுத்துப் பட்டையின் மேல் வைத்து, விளக்கு அணைந்தபிறகும் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றாள். "நான் ஏர்ற பக்கம் மட்டும் வேணாம்பா."

"மூணு மட்டும் ஒட்டினா பல்லு போன மாதிரி இருக்குமே."

"எனக்குந்தான் பல்லு போயிருக்கு. நல்லாத்தானே இருக்கேன்."

அவன் சிரித்துவிட்டான். பிறகு அதை நினைக்கும்போதெல்லாம், அந்த இடத்தில் சிரித்திருக்கக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் ஞாயிறு. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடுகுவின் வகுப்புத்தோழி ஒருத்திக்குப் பிறந்தநாள் விழா, மூன்று பேரும் போக வேண்டும். அதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று மூன்றரை மணிவாக்கில் பழந்துணி, ஸ்பிரிட் புட்டி, பேப்பர் டேப், டார்ச் எல்லாம் எடுத்துக்கொண்டு அவன் லிஃப்டில் இறங்கினான்.

கார் நிறுத்துமிடம் கட்டடத்துக்கு அடியில் இரண்டாவது தளத்தில் இருந்தது. மேலே மொட்டை வெயில் கொளுத்தினாலும் கீழே எப்போதும் ராத்திரிதான். ஈரச் சிமெண்டும் பழைய ரப்பரும் எண்ணெயும் கலந்த ஒரு வாடை, ஆடையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். கூரையில் வரிசையாக விளக்குகள் உண்டு, ஆனால் எல்லாம் சென்சார் விளக்குகள். உடம்புச் சூடு அசைந்தால் எரியும், இரண்டு நிமிடம் அசைவு இல்லையென்றால் ஒவ்வொன்றாக அணைந்துவிடும். குனிந்து வேலை செய்கிறவன் அவ்வப்போது கையைத் தூக்கி ஆட்டிக்கொள்ள வேண்டியதுதான். அவர்களுடைய இடம் கடைக்கோடி மூலை. காரின் இடது பக்கம் தண்ணீர் பம்ப் அறையின் சுவர். சுவருக்கும் காருக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் சந்து. அந்தச் சந்தில் நுழைந்துதான் கடுகு தினமும் ஏறுவாள், பள்ளிக்கூட வாசலில் நடைபாதைப் பக்கம் இறங்குவதற்கு அதுதான் வசதி.

முன்கதவுகள் இரண்டும், வலது பின்கதவும் அரை மணி நேரத்தில் முடிந்தன. படியை ஸ்பிரிட்டால் துடைப்பது, பட்டையை வைத்து அளவு பார்ப்பது, பேப்பர் டேப்பால் எல்லை குறிப்பது, பின்பக்கத்து ஒட்டுத்தாளை உரித்து அழுத்தி முப்பது வரை எண்ணுவது. ஒரு முறை ஒட்டினால் ஒட்டியதுதான், பெயர்க்க நினைக்காதீர்கள் என்று குறிப்புத் தாளில் போட்டிருந்தது. கதவைத் திறந்தால் பளிச்சென்று வெள்ளைக் கோடு எரிந்தது, சாத்தினால் அணைந்தது. அவனுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. மனைவியைக் கூட்டிவந்து காட்ட வேண்டும், ஒரு வார்த்தையாவது நல்லதாகச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சந்துக்குள் நுழைந்தான்.

இடது பின்கதவைத் திறந்து, மண்டியிட்டு, படியைத் துடைத்தான். துணியைப் பார்த்தான். மற்ற மூன்று படிகளையும் துடைத்த துணி கறுத்துப்போயிருந்தது. இங்கே துடைத்த மூலை வெள்ளையாகவே இருந்தது.

டார்ச்சைக் கிட்டே பிடித்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் புதிதாக வாங்கிய வண்டி, மற்ற படிகளில் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. இந்த ஒரு படியில் மட்டும் மங்கிப்போயிருந்தது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, நீளவாட்டில், பக்கம் பக்கமாக நான்கு தடங்கள். ஒவ்வொன்றும் விரல் அகலம். பழைய மாடிப்படிக் கைப்பிடிபோல வழவழவென்று தேய்ந்திருந்தது. ஷூ உரசினால் குறுக்கேதான் கோடு விழும். இது அப்படி இல்லை. அவன் யோசிக்காமல் தன் நான்கு விரல்களை அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தான். தடங்கள் விரல்களைவிடக் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருந்தன.

குழந்தை எதையாவது வைத்துத் தேய்த்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டான். எப்படியும் பட்டை மூடிவிடும். ஒட்டுத்தாளை உரித்து, சரியாக வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தி முப்பது வரை எண்ணினான். இருபதைத் தாண்டும்போது கூரை விளக்குகள் அணைந்தன. கையை எடுக்க முடியாது, எடுத்தால் ஒட்டு கெட்டுவிடும். இருட்டில் முகத்துக்குக் கீழே வெள்ளைக் கோடு எரிந்துகொண்டிருக்க, மிச்சம் பத்தையும் எண்ணி முடித்தான். முதுகுப்பக்கம் சுவர்தான் என்று தெரியும். இருந்தாலும் அந்தப் பத்தை எண்ணுவதற்கு அத்தனை நேரம் எடுக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

காந்தத்தை ஒட்டிக் கதவைச் சாத்தினான். கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது.

காந்தம் விலகியிருக்கும். கதவைத் திறந்து, மிச்சமிருந்த காந்தம் ஒன்றைக் கையால் பட்டையின் மேல் வைத்தான், அணைந்தது. கதவில் ஒட்டிய காந்தத்தை அரை விரல் தள்ளி ஒட்டினான். சாத்தினான். அணைந்தது. அப்பாடா என்று துணியை மடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் எரிந்தது. கதவு அசையவில்லை, அவன் கைகூட அதன்மேல் இல்லை. அழுத்திப் பார்த்தான், நன்றாகத்தான் பூட்டியிருந்தது. கதவு சாத்தியிருக்கிறது. விளக்கு மட்டும் திறந்திருக்கிறது என்கிறது.

உள்ளேயிருந்து பார்த்தால்தான் காந்தம் எங்கே நிற்கிறது என்று தெரியும். சுற்றி வந்து வலது பின்கதவு வழியாக ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, சீட்டில் குறுக்கே சரிந்து இடது கதவின் அடியைப் பார்த்தான்.

காருக்குள் ஆள் இருந்தால் கூரையில் இருக்கும் சென்சாருக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் வெளியே விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பம்ப் ஓடி நின்றது. அது நின்ற பிறகுதான் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது என்பதே காதுக்குத் தெரிந்தது. இருட்டு கண்ணாடிகளில் வந்து அப்பிக்கொண்டது. அந்தக் கும்மிருட்டில் இடது கதவுக்கு அடியில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நேராக ஓடியது. ராத்திரி எழுந்து வரும்போது, சாத்திய அறைக் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரியுமே, அதேபோல.

அந்தக் கோட்டில் இரண்டு இடம் கறுப்பாக இருந்தது.

பேப்பர் டேப். எடுக்க மறந்திருப்பான். கையை நீட்டப்போனவன் நிறுத்திக்கொண்டான். நான்கு கதவின் டேப்பையும் உரித்து உருட்டிச் சட்டைப் பையில் போட்டது நினைவுக்கு வந்தது. பையைத் தொட்டான். உருண்டை இருந்தது.

அறைக் கதவுக்கு அடியில் அப்படி இரண்டு கறுப்பு தெரிந்தால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்கிறார்கள். ஆனால் இது அறை இல்லை. படிக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சுண்டுவிரல் நுழையாது. அதில் யார் நிற்க முடியும்.

சர்.

துணியால் இரும்பைத் துடைப்பது போன்ற சத்தம். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகப் போயிற்று. நின்றது. திரும்பி வந்தது.

சர்.

அவன் மூச்சை வாய்வழியாக விட்டான். டார்ச் சந்தில் கீழேயே கிடந்தது. போனை எடுத்தான், ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. கண்ணைக் கோட்டிலிருந்து எடுக்காமல் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று ஏனோ தோன்றியது, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் கோத்தது.

இரண்டு கறுப்பில் ஒன்று இல்லை.

கார் இடது பக்கம் தாழ்ந்தது. கொஞ்சமாக. ஆள் ஏறுவதற்கு ஒரு காலை வைத்தால் தாழும் அளவுக்கு. ஸ்பிரிங் ஒரு முறை முனகியது. பிறகு நிமிர்ந்தது. கோட்டில் மறுபடியும் இரண்டு கறுப்பு. காலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்திருக்கிறது.

அவன் வலது கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தான். தளத்தின் கூரை விளக்கு சட்டென்று எரிந்தது. அந்த விளக்கைப் பார்த்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. உடம்புச் சூட்டுக்கு எரியும் விளக்கு இவ்வளவு நேரம் எரியவில்லை. சந்தில் நிற்பதற்குச் சூடு இல்லை.

சுவரை ஒட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தான். சந்தில் ஒன்றும் இல்லை. டார்ச் கிடந்தது. கதவுக்கு அடியில் கோடு எரிந்தது. அவன் உள்ளே போய்க் கதவைத் திறந்து, பர்ஸிலிருந்து ஒரு கார்டை எடுத்துப் பட்டைக்கு அடியில் நுழைத்து நெம்பினான். கார்டு வளைந்து உடைந்தது. நகத்தை வைத்துப் பார்த்தான். நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறான், பழுது சொல்ல முடியாத வேலை. சட்டையைக் கழற்றி மூடிவிடலாமா என்று யோசிக்கும்போது லிஃப்ட் மணி அடித்தது. அவன் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தான். தூரத்திலிருந்து கூரை விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டே வந்தன. அவற்றுக்கு அடியில் பரிசுப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி மனைவியும், மஞ்சள் கவுனில் கடுகுவும்.

"போன் எத்தன தடவ போட்டேன்? மணி நாலே முக்கால்," என்றாள் மனைவி. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க, ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"ஒண்ணுமில்ல. உள்ள புழுக்கம்."

கடுகு அருகில் வரவில்லை. நான்கு கார் தள்ளியே நின்றுவிட்டாள். அங்கிருந்து சந்துக்குள் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். அவன் அவளிடம் போய்க் குனிந்தான்.

"கடுகு, அப்பா ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லணும். அன்னிக்கு நீ படி தெரியாமதானே விழுந்த?"

"எனக்குப் படி எப்பவுமே தெரியும்பா." குரல் தாழ்ந்திருந்தது. வகுப்பில் டீச்சருக்குக் கேட்காமல் பேசுவதுபோல. "அதுக்குத்தான் தெரியாது."

"எதுக்கு?"

"தடவிக்கிட்டே இருக்கும். எங்க படின்னு. நான் சீக்கிரமா ஏறிக் கதவைச் சாத்திருவேன். அன்னிக்கு என் காலப் புடிச்சுக்கிட்டு ஏறப் பாத்துச்சு." அவள் தையல் போட்ட காலை மறுகாலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "லைட்டு இல்லன்னா அதுக்கு ஏறத் தெரியாதுப்பா. அதான் நான் அணைச்சு அணைச்சு வெச்சேன்."

மூன்று வருஷமாக, தினம் இரண்டு முறை, தன் மகளை அந்தச் சந்துக்குள் தனியாக அனுப்பியிருக்கிறான். சீக்கிரம் ஏறு, சீக்கிரம் ஏறு என்று ஹாரன் வேறு அடித்திருக்கிறான். அவள் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒற்றை விரலால் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருந்தாள். அதைக் கெடுத்தது அவன்.

"ஆட்டோல போயிரலாமா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"கார வெச்சுக்கிட்டு ஆட்டோவா? நல்லாத்தான் இருக்கீங்களா நீங்க?" அவள் முன்கதவை நோக்கி நடந்துவிட்டாள்.

"அம்மா, நில்லு," என்றாள் கடுகு.

மனைவி நிற்கவில்லை. அவள் பக்கவாட்டில் சந்துக்குள் நுழைவதைப் பார்த்ததும் அவனுக்கு ஓடிப்போய் இழுக்கத் தோன்றியது. ஓடினால் என்ன சொல்வது? அதற்குள் அவள் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தியாயிற்று. இனி ஒன்றுதான் செய்ய வேண்டும் என்று பட்டது. அது இந்த மூலையில் இருப்பது, இந்தச் சந்தில் இருப்பது. வண்டியை இங்கிருந்து கிளப்பி மேலே வெயிலுக்குக் கொண்டுபோய்விட்டால் அது இங்கேயே நிற்கும். அப்புறம் இந்த இடத்தில் நிறுத்தவே வேண்டாம், தெருவில் கிடக்கட்டும்.

கடுகுவைத் தூக்கிக்கொண்டான். ஏழு வயதுப் பிள்ளை, கனத்தாள், கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வலது பின்கதவைத் திறந்து, அவள் உட்காரும் மெத்தையை இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் இழுத்துப் போட்டு உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டினான். இடது சீட்டு வெறுமையாக இருந்தது. அதற்கு அந்தப் பக்கம், கதவுக்கு அடியில், கோடு எரிந்துகொண்டிருந்தது. அதில் கறுப்பு எத்தனை என்று அவன் எண்ணவில்லை.

ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தான். கார் தாழ்ந்தது. கதவைச் சாத்தினான். கார் இன்னொரு முறை தாழ்ந்தது, மனைவி பரிசுப் பெட்டியை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். சாவியைத் திருப்பும்போது தோளுக்கு மேலே ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

கோடு அணைந்திருந்தது.

இடது பின்கதவுக்கு அடியில் இருட்டு. வெளிச்சமும் இல்லை, கறுப்பும் இல்லை. கதவு சாத்தியிருக்கிறது என்று விளக்கே ஒப்புக்கொண்டுவிட்டது. அவனுக்கு அழுகை வருவதுபோல் இருந்தது. காந்தம்தான். ஒட்டு காய்ந்து இப்போது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வண்டியை எடுத்தான். மூலை பின்னால் போயிற்று, தூண்கள் போயின, சரிவுப் பாதையில் ஏறும்போது மேலே சதுரமாகப் பகல் தெரிந்தது. இடது பக்கம் வண்டி கொஞ்சம் கனமாக இழுத்தது. டயரில் காற்று குறைந்திருக்கும்.

வெயில் கண்ணாடியில் விழுந்ததும் அவனுக்குப் பேச்சு வந்தது. "என்னடா, இன்னிக்குக் கூரை லைட்ட அணைக்கலையா?"

கண்ணாடியில் பார்த்தான். கடுகு வலது கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு, செருப்போடு கால்களைச் சீட்டின் மேல் தூக்கி வைத்து, முழங்கால்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். மூடிய கண்களைத் திறக்காமல் சொன்னாள்.

"இனிமே எதுக்குப்பா."

டிங்.

டிங்.

டிங்.

"பெல்ட் சத்தம் வருது," என்றாள் மனைவி. "கடுகு, பெல்ட் போடு."

"போட்டுட்டேன்."

மனைவி முன்னால் எக்கி மீட்டரைப் பார்த்தாள். சின்னதாக ஒரு சீட்டுப் படம் சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. சீட்டில் ஆள் கனம் இருந்து பெல்ட் போடாவிட்டால் எரியும் விளக்கு. "பின்னால இடது பக்கம்ல காட்டுது. அங்க பையி கிய்யி வெச்சியா?"

"இல்லம்மா."

"அப்ப சென்சார் கெட்டுப்போச்சா? என்னங்க?"

சொல்ல வேண்டியது எல்லாம் அவனுக்குத் தெரியும். இருபது வருஷமாகப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். விளக்கு அணைந்ததும் சந்தோஷப்படாதே. வெளியே வந்ததா, உள்ளே போனதா. ஸ்டியரிங்கில் கை வழுக்கியது. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. நிறுத்த வேண்டும். நிறுத்தினால் கதவைத் திறக்க வேண்டும்.

"பின்னால பாக்காதப்பா," என்றாள் கடுகு.

டிங்.

டிங்.

க்ளிக்.

சத்தம் நின்றது. சிவப்புப் படம் அணைந்தது. "ம், சரியாயிடுச்சு," என்று மனைவி சாய்ந்து உட்கார்ந்து, பரிசுப் பெட்டியின் ரிப்பனை நீவிவிட்டாள்.

அவன் கண்ணாடியைப் பார்த்தான். கடுகுவின் இரண்டு கைகளும் அவள் முழங்கால்களைக் கட்டியபடியே இருந்தன. அவளுக்குப் பக்கத்தில், வெயில் விழுந்த வெறும் சீட்டில், இடது பக்கத்து பெல்ட் முழுநீளத்துக்கு வெளியே வந்து, ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றி வளைந்து பூட்டிக்கொண்டிருந்தது. அது மெல்ல இறுகியது. பிறகு மூச்சு வாங்கும் நெஞ்சின் மேல் கிடப்பதுபோல ஏறி, இறங்கி, ஏறிக்கொண்டிருந்தது.